பாயில் உட்கார்ந்த ஆசிரியர்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஊர்க்கோடியில் இருக்கும் ஓர் ஈராசிரியர் பள்ளி. மழைக்காலத்தில் ஒரு நாள் காலை முழுக்க அங்கே இருந்தேன். வகுப்பறைச் சுவரில் தரையை ஒட்டி இரண்டடி உயரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்த பட்டை ஒன்று அறையைச் சுற்றி ஓடுகிறது. பெயிண்ட் உதிர்ந்து அங்கங்கே சுண்ணாம்பு தெரிகிறது. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. யாரோ கழற்ற மறந்த ஒரே ஒரு காகிதப் பூ அதில் தொங்குகிறது. இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சுருட்டிச் செருகியிருந்த தாளை இழுத்துப் பிரித்தேன். கட்டம் கட்டமாக மேலே ஏறிப்போகும் ஒரு படம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்னம், ஓர் எண்.

"அது பழசு சார். எங்க சித்தி படிச்சப்போ இருந்துச்சாம்" என்றாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

அந்தத் தாளுக்குப் பெயர் ஏணி. சுவரில் ஓடும் பட்டை, பிள்ளைகள் தாங்களே எழுதிப் பார்ப்பதற்கான கீழ்மட்டக் கரும்பலகை. கம்பி, அவர்கள் வரைந்ததையும் செய்ததையும் மாட்டி வைப்பதற்கான கம்பிப் பந்தல். தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் இவை இருந்தன. செயல்வழிக் கற்றல் என்று அதற்குப் பெயர். குழந்தையை நடுவில் வைத்துத் தொடக்கக் கல்வியை அடியோடு மாற்றிப் பார்க்க இந்தியாவில் ஒரு மாநிலம் இவ்வளவு பெரிய அளவில் முயன்றது அபூர்வம். அந்த முயற்சி எப்படித் தொடங்கியது, எதைச் சாதித்தது, எங்கே சறுக்கியது, அதற்குப் பின் வந்தவை அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டன என்பதைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கதை ஆந்திரத்தில் ஆரம்பிக்கிறது. மதனப்பள்ளிக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலிப் பள்ளியை ஒட்டி, சுற்றியிருந்த சிற்றூர்களுக்காகச் சின்னச் சின்னப் பள்ளிகளை 1980களில் நடத்த ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள். அறுவடை வந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆடு மேய்க்கப் போன பையன் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருவான். பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாக எல்லோருக்கும் ஒன்றாக நடத்தும் முறை அங்கே செல்லாது. அந்தப் பள்ளிகளை வழிநடத்திய பத்மநாப ராவும் ரமாவும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிப்பது. அட்டைகளை ஒரு வரிசையில் கோப்பது. அந்த வரிசையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறுவது. ஊர்க் கதைகளும் விடுகதைகளும் பாட்டுகளும் அட்டைக்குள் வந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1970களின் நடுவில், கொலம்பியாவின் மலைக் கிராமங்களில் விக்கி கோல்பெர்ட் தொடங்கிய எஸ்குவேலா நுவேவா பள்ளிகளும் இதே தேவையிலிருந்து இதே மாதிரியான தீர்வுக்கு வந்திருந்தன. வறுமையும் ஆள் பற்றாக்குறையும் பிறப்பித்த யோசனை இது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைமையக் கல்வி என்றாலே பணக்காரப் பள்ளிகளின் சொகுசு என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் எம்.பி. விஜயகுமார். வேலூரில் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைச் சிறார்களை மீட்டுப் படிக்க வைக்கும் வேலையில் இறங்கியவர். வயது பத்து, ஆனால் எழுத்து தெரியாது என்ற நிலையில் வரும் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வைக்க முடியாது என்பதை அங்கே கண்ணால் கண்டார். பின்னர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் சோதனை ஆரம்பமானது. மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். அடுத்த ஆண்டே மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது பரவியது. விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும் மாவட்டங்களுக்குப் போனது. 2007-08இல் மாநிலத்தின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகள் இந்த முறைக்கு மாறின. பதின்மூன்றிலிருந்து முப்பத்தேழாயிரத்துக்கு நாலே வருஷம். அந்த வேகம்தான் இதன் பெருமை. இதன் நோயும் அதுதான்.

அந்த வகுப்பறையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே பதிவுசெய்யும். இன்று வெயிலா, மேகமா, மழையா என்று காலநிலை அட்டவணையில் குறிக்கும். பிறகு ஏணியைப் பார்க்கும். நேற்று எந்தப் படியில் விட்டோம், இன்று எந்தப் படி? அதற்குரிய அட்டையை அலமாரித் தட்டிலிருந்து எடுக்கும். அட்டையிலுள்ள சின்னம் எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்லும். குழுக்கள் ஆறு. ஆசிரியரின் முழுத் துணையோடு படிப்பது, பாதித் துணையோடு படிப்பது, கூடப் படிக்கும் பிள்ளையின் துணையோடு, அதன் பாதித் துணையோடு, தானாகவே படிப்பது, கடைசியாக மதிப்பீடு. நாலு வகுப்புப் பிள்ளைகளும் கலந்து வட்டமாகப் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியரும் பாயில்.

இந்தப் பாய்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாற்காலியிலிருந்து ஆசிரியர் இறங்கித் தரையில், பிள்ளையின் கண்மட்டத்தில் உட்கார்ந்தது சின்ன விஷயம் இல்லை. நம் ஊரில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்குப் பின்னால் எவ்வளவு சரித்திரம் இருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. தொட்டு எழுதச் சொல்லித் தர வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். கையில் பிரம்போடு வட்டத்துக்குள் உட்காரவும் முடியாது. அந்தக் காலத்தில் பணியில் இருந்த ஆசிரியர்களோடு பேசினால், முறையைக் குறை சொல்பவர்கள்கூட ஒன்றை ஒப்புக்கொள்கிறார்கள்: பிள்ளைகளுக்கு எங்களிடம் பயம் போனது அப்போதுதான். வெளியாள் வந்தால் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொல்லிவிட்டு உறைந்து நிற்கும் வகுப்புகள் போய், வந்தவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் படத்தைக் காட்டும் வகுப்புகள் வந்தன.

இன்னொரு லாபம், லீவு போட்ட பிள்ளைக்கு. காய்ச்சலில் பத்து நாள் கிடந்து வந்தவனுக்கு வகுப்பு எங்கேயோ போய்விட்டது என்ற பதற்றம் இல்லை. ஏணியில் அவன் படி அவனுக்காகக் காத்திருந்தது.

முறை புதிது என்றாலும் இதன் சரக்கு எல்லாம் புதிதில்லை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருவது நம் திண்ணைப் பள்ளியின் அடிப்படை. மணலில் விரலால் எழுதிப் பழகுவதும் அப்படித்தான். 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியின் ஆசிரியர்களை அப்படிச் செய்யச் சொன்னபோது அவர்கள் முடியாது என்றார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொன்னார். அவன் சொல்லிக் கொடுத்தான். 1797இல் லண்டனில் பெல் இதைப் பற்றி எழுதி வெளியிட, மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

இதைச் சொல்லும்போது பழம்பெருமையில் வழுக்கி விழும் ஆபத்து உண்டு. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சொல்லிக் கொடுத்தான், அடிக்கவும் செய்தான். கோதண்டம் என்று பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிட்டதும் அங்கேதான். திண்ணைக்குக் கீழே தெருவிலேயே நடக்க முடியாதவர்களின் பிள்ளைகள் திண்ணைமேல் ஏறியதே இல்லை. இன்று தமிழில் சட்டாம்பிள்ளை என்பது வசைச் சொல்லாகிவிட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரிக்கும் இந்த மண்ணோடு நேரடித் தொடர்பு உண்டு. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். ஆசிரியர்களுக்குச் சில மாதப் பயிற்சி தந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். போர் முற்றி, இத்தாலி எதிரி நாடானதால் அவரால் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். அதுவரை சின்னஞ்சிறு குழந்தைகளின் கல்விக்காகப் பெயர் பெற்றிருந்தவர், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான, அதாவது தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான கல்வியை விரிவாக வளர்த்தெடுத்தது அந்த மலையில்தான். பிரபஞ்சக் கல்வி என்று அதைச் சொல்வார்கள். முழுமையிலிருந்து பகுதிக்கு வருவது அதன் அடிப்படை. அண்டம் எப்படி உண்டானது என்ற கதையில் ஆரம்பித்து, பூமி, உயிர்கள், மனிதர், எழுத்து, எண் என்று இறங்கி வரும். தாவரவியலும் சரித்திரமும் கணக்கும் தனித்தனி அடுக்குகளில் கிடக்காது. முழுமைக் கல்வி என்ற சொல்லை இப்போது பள்ளி விளம்பரப் பலகைகள் மலினப்படுத்திவிட்டன. கராத்தே, அபாகஸ், நீச்சல் என்று வரிசையாகச் சேர்ப்பதற்குப் பெயர் முழுமை என்று ஆகிவிட்டது. மாண்டிசோரி சொன்னது கூட்டலை அல்ல, பிணைப்பை. அவர் பெயர் தமிழ்நாட்டில் தங்கியது, ஆனால் கட்டணம் கட்டிப் படிக்கும் நர்சரிப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில். அரசுப் பள்ளிக்கு அவர் வரவில்லை.

காந்தியின் ஆதாரக் கல்வி வந்தது. 1937இல் வார்தாவில் உருவான அந்தத் திட்டம், கைத்தொழிலை நடுவில் வைத்து அதிலிருந்து கணக்கையும் மொழியையும் அறிவியலையும் கற்பிக்கச் சொன்னது. சௌந்தரமும் ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமம் போன்ற இடங்களில் அது உயிரோடு நடந்தது. ஆனால் தமிழ்நாட்டில் கையால் கற்பது என்ற யோசனைக்கு விழுந்த அடி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1953இல் ராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று அதற்கு எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் நிலைத்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954இல் காமராஜர் அரசு திட்டத்தை ரத்துசெய்தது.

நம் கல்வி விவாதங்களில் இந்தச் சம்பவத்தின் நிழல் இன்னும் விலகவில்லை, விலகவும் கூடாது. மண் பிசைவதும் நெய்வதும் குழந்தைக்கு நல்லது என்று கல்வியாளர் சொன்னால், யாருடைய குழந்தைக்கு என்று இங்கே ஒருவர் கேட்பார். தாத்தா காலம்வரை மண் பிசைந்தவர்கள் புத்தகம் வேண்டும் என்கிறார்கள். விளையாட்டாகக் கற்கலாம் என்று சொல்லும் நடுத்தர வர்க்கத்துக்கு வீட்டில் புத்தகம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, தப்பினால் பிடிக்க ட்யூஷன் இருக்கிறது. செயல்வழிக் கற்றல் வந்தபோது எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் புத்தகம் இல்லை, பக்கத்துத் தனியார் பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதி எழுதிக் கை வலிக்கிறதே என்று கேட்ட தாய்மார்களை அறியாமையில் பேசியவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் கேட்டது ஓர் அரசியல் கேள்வி. அட்டைகளை அச்சடித்தவர்கள் அதற்குப் பதில் தயாராக வைத்திருக்கவில்லை.

சறுக்கல் எங்கே? மூன்று இடங்களில் என்று நினைக்கிறேன். மூன்றுக்கும் வேர் ஒன்று.

முதலாவது, ஏணி காத்திருப்பு வரிசையாகிப் போனது. பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம் என்றால், ஏறாமலே நிற்கலாம் என்றும் ஆகிவிட்டது. ஆசிரியர் துணைக் குழுவில் இருக்கும் பிள்ளைக்குத்தான் ஆசிரியர் கிடைப்பார். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போன அன்று முழுப் பள்ளியும் சக மாணவர் குழுதான். சொல்லித் தருபவர் இல்லாத இடத்தில் குழந்தை தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது அழகான நம்பிக்கை, ஆனால் எழுத்துக் கூட்டுவதைப் பொறுத்தவரை உண்மை இல்லை. புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டல் குறைந்தால் கற்றலும் குறையும் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை உலக அளவில் பெரிய சண்டையைக் கிளப்பியது. அவர்கள் சொன்னதை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தமிழில் வாசிக்கக் கற்கும் ஆறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவர்களுக்கு அதில் பாதி உண்மை என்று தெரியும்.

தமிழின் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று பயமுறுத்துவது பொய். உயிரும் மெய்யும் குறிகளும் பிடிபட்டால் மற்றவை தாமாக வரும். உண்மையான சிக்கல் வேறு. பிள்ளை பேசும் தமிழும் அட்டையில் இருக்கும் தமிழும் வேறு வேறு. "வூட்டாண்ட நாயி படுத்துக்கினு இருக்குது" என்று சரளமாகப் பேசும் பிள்ளைக்கு "வீட்டின் அருகில் நாய் படுத்திருக்கிறது" என்பது அரைகுறையாகப் புரியும் வேற்று மொழி. எழுத்து தெரிந்தாலும் சொல் தெரியாது. இந்தப் பாலத்தை அட்டை கட்டாது. அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஆசிரியர்தான் கட்ட முடியும். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பு 2022இல் நடந்தபோது, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பின் எடுத்த கணக்கு அது என்பது சரிதான். ஆனால் 2018இல், பள்ளிகள் ஒழுங்காக நடந்த காலத்தில், அது ஏறத்தாழ பத்துதான். பள்ளிச் சேர்க்கையிலும் கட்டடத்திலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இது. ஏசர் எடுக்கும் விதத்தில் குறை காண்பவர்கள் உண்டு. நானும் சில குறைகளை ஒப்புக்கொள்வேன். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

இரண்டாவது சறுக்கல், மதிப்பீடு. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. கனமான புத்தகப் பை மூன்றில் ஒரு பங்கானது. அதற்காக அந்தச் சீர்திருத்தத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டலாம். மதிப்பெண் நூறில் அறுபது எழுத்துத் தேர்வுக்கு, நாற்பது வளரறி மதிப்பீட்டுக்கு. பிள்ளை செய்து பார்ப்பதற்கும் பாடுவதற்கும் சேகரிப்பதற்கும் மதிப்பெண் உண்டு என்றானது. அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரிக் கடைகளில் "போக்குவரத்துச் சாதனங்கள்", "தேசத் தலைவர்கள்" என்று அச்சடித்த படத்தாள்கள் வரிசையாகத் தொங்கின. இரவு பத்து மணிக்கு அப்பா தெர்மோகோல் வெட்ட, அம்மா ஒட்ட, பிள்ளை தூங்கியது. நகரத்துப் பள்ளிகளில் செயல்திட்டம் என்பது பெற்றோரின் கைவினைப் போட்டி. கிராமத்து ஆசிரியருக்கோ அது இன்னொரு பதிவேடு.

மூன்றாவது, மேலிருந்து வந்த உத்தரவு. முதல் 13 பள்ளிகளில் அட்டை எழுதியவர் அதை வைத்துக் கற்பித்தார். சரியில்லை என்றால் மாற்றினார். அடுத்து வந்த 37 ஆயிரம் பள்ளிகளுக்குப் பெட்டி வந்து இறங்கியது. எந்தக் குழு எங்கே உட்கார வேண்டும், எந்த அட்டை எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பார்வையாளர் வந்து சரிபார்த்தார். நடுவில் ஒரு நாள் எல்லோரையும் மரத்தடியில் உட்கார வைத்துக் கதை சொல்ல நினைத்த ஆசிரியர், யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வர மாதக்கணக்கானது. சில படிகள் காணாமல் போன ஏணியில் பிள்ளைகள் தாண்டித் தாண்டி ஏறினார்கள். சமச்சீர் கல்விப் பாடநூல்களும் பருவங்களும் வந்தபிறகு, எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் என்று பெயர் மாறி, பழைய வடிவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. தொடங்கியது போலவே முடிந்ததும் உத்தரவில்தான். இரண்டு முறையும் ஆசிரியரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்று சறுக்கல்களுக்கும் பொதுவான அந்த வேரை ஒரு பழைய நூல் காட்டிவிடுகிறது. குஜராத்தில் கல்வியாளர் கிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் எழுதிய நூல் ஒன்று தமிழிலும் பகல் கனவு என்று வந்திருக்கிறது. நாலாம் வகுப்பை எடுத்துக்கொண்டு ஓராண்டு சோதனை செய்யும் ஓர் ஆசிரியரின் கதை அது. அதில் வரும் கதை சொல்லலையும் விளையாட்டையும் நாடகத்தையும் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. அந்த ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் போய்த் தன் விருப்பப்படி வகுப்பு நடத்த அனுமதி கேட்டு வாங்குகிறார். அனுமதி கிடைத்ததால்தான் கதையே இருக்கிறது. நம் சீர்திருத்தங்கள் எல்லாம் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து படித்தவை. பிள்ளைக்குச் சுதந்திரம் கொடு என்று ஆசிரியருக்கு ஆணையிட்டன. தனக்கே இல்லாததை அவர் எப்படிக் கொடுப்பார்?

இப்போது நடப்பதற்கு வருவோம். கொரோனாவுக்குப் பின் இரண்டு பெரிய முயற்சிகள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருவிலுள்ள பெண்கள் மாலை வேளையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இதை வெறும் ட்யூஷன் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்துச் செய்த ஆய்வில், பள்ளி மூடலில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்பில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் தெரிந்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கற்பித்தல் பயிற்சி பெரிதாக இல்லை. பிள்ளை எந்தத் தெரு, நேற்று வீட்டில் என்ன சண்டை, ஏன் இன்று முகம் வாடியிருக்கிறது என்பது தெரியும். இருபது பிள்ளைகள், பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர், பிள்ளை பேசும் அதே பேச்சு. பாய் வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

மற்றது எண்ணும் எழுத்தும். 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு 4, 5 வகுப்புகளுக்கும் நீண்டது. எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலை என்பதைப் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிப்பது. பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் வந்தன. செயல்வழிக் கற்றலின் நல்ல அம்சம் ஒன்று இதில் தங்கியிருக்கிறது: பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது. ஏணியில் தொலைந்துபோன ஆசிரியரின் நேரடிக் கற்பித்தலும் திரும்பியிருக்கிறது. பின்னர் வந்த வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைப் புத்தகங்கள், குறைந்த பக்கங்களில் பெரிய படங்களோடு, பிள்ளைகள் சண்டை போட்டு எடுத்துப் படிக்கும் புத்தகங்கள். நான் போன பள்ளியில் அவை எல்லாமே முனை மடங்கி, அழுக்கேறி இருந்தன. நூலகப் புத்தகத்துக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

ஆனால் பழைய நோய் புதிய கருவியில் வந்துவிட்டது. அன்று பார்வையாளர் கையில் பதிவேடு. இன்று ஆசிரியர் கையில் கைபேசிச் செயலி. ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத மலைக் கிராமத்தில் ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்க, உள்ளே அரும்பும் மொட்டும் தலைக்குத் தலை பேசிக்கொண்டிருக்கும். ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இணையவழி மதிப்பீட்டைக் கைவிடுவது தொடர்ந்து இடம்பெற்றதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது சுலபம். நான் பார்த்த டீச்சர் சொன்னது வேறு: "பிள்ளைக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியும் சார். அத ஃபோனுக்குச் சொல்ற நேரத்துல இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்."

உடலைப் பற்றி ஒன்று. முழுமைக் கல்வி என்பதில் தமிழ்நாடு உலகத்துக்கே சொல்லித் தரக்கூடிய ஒரு விஷயம் உண்டென்றால் அது சோறு. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் தலைமையில் தொடங்கி, 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவாகி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகி, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரை ஒரு நூற்றாண்டுக் கதை அது. பசியோடு ஏணி ஏற முடியாது என்பதைக் கல்வியியல் நூல்களைவிட நம் அரசியல் முன்னால் புரிந்துகொண்டது. விளையாட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தொடக்கப் பள்ளியில் விளையாட்டுக்கும் ஓவியத்துக்கும் தனி ஆசிரியர் என்பது எட்டாக்கனி. கால அட்டவணையில் விளையாட்டுப் பாடவேளை இருக்கும், அதைக் கணக்குப் பாடம் கடன் வாங்கும், திருப்பித் தராது.

தர்மபுரி நாகர்கூடலில் புவிதம், ஆனைகட்டியில் வித்யா வனம் போன்ற பள்ளிகள் காட்டையும் வயலையும் வகுப்பறையாக்கி வேறு மாதிரி முயன்றிருக்கின்றன. போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். அவற்றைப் பெருக்க முடியுமா என்ற கேள்வியை உடனே கேட்கிறோம். 37 ஆயிரத்தின் பழக்கம் அது. பெருக்க வேண்டியது அவர்களுடைய அட்டையையும் மண்சுவரையும் அல்ல. அங்கே ஆசிரியர் காலையில் எழுந்து இன்று என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார். அந்த யோசனைக்கு இடம் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: செயல்வழிக் கற்றல் தோற்கவில்லை, அதை நடத்த வேண்டியவர்களிடம் அது ஒப்படைக்கப்படவே இல்லை. எண்ணும் எழுத்தும் அதைவிடத் தெளிவான திட்டம். ஆனால் அதுவும் ஆசிரியரைச் செயலிக்கு விடை சொல்பவராகவே வைத்திருந்தால், பத்து வருஷத்தில் அதன் கையேடுகளும் அதே பீரோவுக்குப் பின்னால் போய்ச் சேரும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடு வழியாகவும் கண்டறிதல் வழியாகவும், பயமில்லாமல், குழந்தையை மையமாக வைத்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது. எல்லோரும் மேற்கோள் காட்டும் பிரிவு அது. அதற்கு இரண்டு பிரிவு முன்னால், 27ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிர வேறு எந்த வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும். பெற்றோராக இருந்தால் நீங்கள் அதில் உறுப்பினராகலாம். அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். போன மாதம் எத்தனை நாள் டீச்சர் முழுதாக வகுப்பில் இருந்தார், எத்தனை மணி நேரம் செயலிக்குப் போனது என்று கேளுங்கள். பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.